கூந்தலும் கத்தரியும்



கோலார் தங்கவயலில், மாரிக்குப்பத்தை அடுத்த மைசூர் மைன்ஸ் பகுதியில் பிறந்து வளர்ந்தவள் நான். எங்கள் ஊரைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் பொன்னைப் பற்றியே பேசுவர். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் பொன்னைக் காட்டிலும் எடை குறைந்தது. ஆயினும் இழந்தவர்க்கு அவ்வளவு இலேசாகத் தோன்றாதது. நீண்ட தலைமயிர் உடையோர்க்கும், அதனைத் திருத்தும் தொழிலாளர்க்கும் இடையே நேரும் மனக்கசப்பைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன்.

2001ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் இறுதியில் சுரங்கங்கள் மூடப்பட்டபின், எங்கள் பிள்ளைகள் விடியுமுன் எழுந்து மாரிக்குப்பம் நிலையத்தில் வண்டியேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். என் அண்ணன் மகளும் அவர்களுள் ஒருத்தி. இடையைத் தொடும் கூந்தல் அவளுக்கு. சில திங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெங்களூரில் ஓர் அழகு நிலையத்திற்குச் சென்றாள். நுனி பிளந்திருந்ததால் இரு விரல் அளவு மட்டும் கத்தரிக்க வேண்டும் என்று கூறினாள். அங்கிருந்தவரோ, கூட்டம் மிகுந்த நாளில் இத்தனை முடியுடன் வந்து நிற்பதா என்று முகம் சுளித்தார். ஈரம் தெளித்தார், சிக்கலை வேரிலிருந்து நுனிநோக்கி வலித்து இழுத்தார், தலையைக் குனியச் சொன்னார். அவள் நிமிர்ந்தபோது கூந்தல் தோள்மேல் நின்றது. "இதுதான் உனக்கு அழகு, பராமரிப்பதும் எளிது" என்று அவரே தீர்ப்பும் கூறிவிட்டார். பணத்தையும் கொடுத்துவிட்டு வந்தாள் பெண்.

அன்றிரவு அவள் என் அருகில் அமர்ந்து, "அத்தை, வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை" என்றாள். வெட்டியவர் செய்ததைக் காட்டிலும் இந்தச் சொல்லே என்னை வருத்திற்று. மாதச் சம்பளம் வாங்குகிறவள். அலுவலகத்தில் பத்துப் பேர் நடுவே பேசுகிறவள். கழுத்தில் ஒரு துணியைச் சுற்றி நாற்காலியில் அமர்த்தியதும் அவள் வாய் அடைத்துவிட்டது!

மயிர் திங்கள் ஒன்றுக்கு ஏறத்தாழ ஒன்றேகால் சென்டிமீட்டர் வளரும் என்பர். ஓர் ஆண்டுக்குப் பதினைந்து என்று கொள்ளலாம். அவள் இழந்தது நாற்பத்தைந்து சென்டிமீட்டருக்குக் குறையாது. அஃதாவது மூன்று ஆண்டுகள். பெரியபுராணத்தில் மானக்கஞ்சாற நாயனார் தம் மகளின் கூந்தலை, அவளுடைய மணநாளன்றே, அடியவர் வடிவில் வந்து கேட்ட இறைவனுக்கு அரிந்து கொடுத்தார். இறையருளால் அது முன்போல் வளர்ந்தது என்று கேட்டிருக்கிறோம். நம் வீட்டுப் பெண்களுக்கு அத்தகைய அருளை எதிர்பார்ப்பதற்கில்லை. ஒன்றேகால் சென்டிமீட்டர்தான்.

இக்குறை பெண்களுக்கு மட்டும் உரியதன்று. என் அண்ணனுக்குப் பத்தொன்பது வயதானபோது, 1970களின் நடுவில், இளைஞர்கள் காதை மூடி முடி வளர்த்தனர். அவனும் வளர்த்தான். மாரிக்குப்பம் கடைவீதியில் எங்களுக்கு வழக்கமான ஒரு சலூன் இருந்தது. பின்புறம் சிறிது ஒழுங்கு செய்யுங்கள் என்று சொல்லி அமர்ந்தான். கடைக்காரர் பிடரியிலிருந்து உச்சிவரை மிஷினை ஒரே ஓட்டாக ஓட்டிவிட்டார். பெஞ்சியில் அமர்ந்திருந்தவர்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். எஞ்சியதையும் எடுப்பதன்றி வேறு வழியில்லை. "ஆண்பிள்ளைக்கு எதற்கடா கூந்தல்?" என்பது கடைக்காரர் கூறிய சமாதானம். பழந்தமிழில் ஆடவர் தலைமயிருக்கென்றே குஞ்சி என்றும் பித்தை என்றும் தனிப்பெயர்கள் வழங்கியதை அவர் அறிந்திருக்க நியாயமில்லை. அவருடைய பாட்டனார் காலத்தில் தமிழ் ஆடவருள் பெரும்பாலோர் குடுமி வைத்திருந்தனர். அன்று கிராப்பு வைத்தவனே ஊர்ச் சிரிப்புக்கு ஆளானான். சிரிக்கப்படும் தலைதான் காலத்துக்குக் காலம் மாறுகிறது.

அண்ணன் அன்றுமுதல் அக்கடைவாயிலை மிதித்தானில்லை. ராபர்ட்சன்பேட்டை வரை நடந்துபோய் முடி திருத்திக்கொண்டான்.

பல ஆண்டுகள் கழித்து அந்தக் கடைக்காரரிடம் ஒருநாள் இதைக் கேட்டேன். முதியவராகிவிட்டார். வெட்கத்துடன் ஒப்புக்கொண்டார், பின் தம் தரப்பையும் கூறினார். "அம்மா, சங்கு ஊதி ஷிப்டு மாறியதும் பத்துப் பேர் வந்து நிற்பார்கள். குட்டை முடிக்குக் கால் மணி. நீள முடிக்கு முக்கால் மணி. கூலியோ இருவர்க்கும் ஒன்று. குட்டை முடிக்காரர் மாதந்தோறும் வருவார். நீள முடிக்காரர் ஆறு மாதத்திற்கு ஒருமுறை வருவார். எனக்கு எரிச்சல் வராதா?" என்றார்.

இந்தக் கணக்கை நாம் எளிதில் தள்ளிவிடலாகாது. தலைக்கு இவ்வளவு என்று கூலி வைத்த தொழிலில், அதிக நேரம் பிடிக்கும் தலை நட்டத்தைத் தரும் தலையே. இதற்குப் பரிகாரம் கூலியைத் திருத்துவது, தலையைத் திருத்துவதன்று. நீண்ட முடிக்குக் கூடுதல் கூலி கேட்பது நியாயமே, கொடுப்பதும் நியாயமே. அதனை முன்னரே சொல்லிவிடுதல் வேண்டும். மனத்திற்குள் எரிச்சலை வைத்துக்கொண்டு கத்தரியில் தீர்த்துக்கொள்வதே குற்றம்.

நம் தரப்பிலும் குறை உண்டு. எண்ணெய் வழியும் தலையுடன், சிக்கெடுக்காமல், தீபாவளிக்கு முந்திய மாலையில் போய் நிற்கிறோம். எங்கள் ஊரில் நீர்த்தட்டுப்பாடு எப்பொழுதும் உண்டு. லைன் வீடுகளில் பொதுக்குழாயடியில் குடம் வைத்துக் காத்திருந்து, அந்த ஒரு குடத்தில் இடைவரை நீண்ட கூந்தலை அலசுவது எத்தகைய தவம் என்பதை நான் அறிவேன். போதாக்குறைக்குச் சயனைடு மேட்டிலிருந்து காற்றடித்தால் தூள் வந்து தலையிற் படியும். இருப்பினும், அலசி உலர்த்திச் சிக்கெடுத்த தலையுடன், கூட்டமில்லாத நாளில் செல்வது தொழிலாளிக்குப் பாதி வேலையைக் குறைக்கும். அவர் முகமும் அதற்கேற்ப மலரக் காணலாம்.

அளவைச் சொல்லும் முறையில் கவனம் தேவை. கொஞ்சம், சிறிது, லேசாக என்னும் சொற்களுக்கு ஆளுக்கொரு பொருள் உண்டு. விரலால் முடியைப் பற்றி இதுவரை என்று காட்ட வேண்டும். எவ்வளவு வெட்டப் போகிறீர்கள் என்று அவர் வாயாற் சொல்லச் செய்ய வேண்டும். ஈரமயிர் நீளும், உலர்ந்தபின் சுருங்கும், சுருட்டை முடி இன்னும் மிகுதியாகச் சுருங்கும். ஆகையால் நீளத்தைக் காக்க விரும்புவோர் உலர்ந்த முடியிலேயே அளவு காட்டுதல் நலம். சிக்கலை நுனியிலிருந்து தொடங்கி மேல்நோக்கி எடுக்க வேண்டும். வேரிலிருந்து இழுப்பவர் நீண்ட முடியைக் கையாளக் கல்லாதவர் என்று அறிந்துகொள்ளலாம். கண்ணாடி அணிபவர் முதல் வெட்டு முடியும்வரை அதைக் கழற்றாதிருப்பது நன்று. முதல் வெட்டு அளவு மீறிற்றானால், "போதும், நிறுத்துங்கள்" என்று சொல்லி எழுந்துவிட வேண்டும். அரைகுறையாக எழுந்து செல்வது நாணமாயிருக்கும் என்று அஞ்சி அமர்ந்திருப்பவர்களே முழுதும் இழக்கிறார்கள். வெட்டிய நீள்முடிக்கும் சந்தையில் விலை உண்டு. அதைக் கேட்டு வாங்கிக்கொள்வதில் தவறு ஒன்றும் இல்லை.

கண்ணாடியைப் பற்றிச் சொன்னேன். அதற்குக் காரணம் உண்டு. 2018ஆம் ஆண்டு தில்லியில் ஒரு பெரிய விடுதியின் அழகு நிலையத்தில், கூந்தல் பொருள் விளம்பரங்களில் தோன்றிவந்த ஒரு பெண்மணி, அடிநுனியில் நான்கு அங்குலம் மட்டும் எடுக்கச் சொன்னார். கண்ணாடியைக் கழற்றித் தலை குனிந்திருந்த அவர் நிமிர்ந்தபோது, தலையில் எஞ்சியிருந்ததே நான்கு அங்குலந்தான் என்பது அவர் முறையீடு. தேசிய நுகர்வோர் ஆணையம் 2021 செப்டம்பரில் அவருக்கு இரண்டு கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், சேவையில் குறைபாடு நேர்ந்தது என்னும் முடிவில் தலையிடவில்லை. ஆனால் தொகையைச் சான்றுகளின் அடிப்படையிலேயே கணக்கிட வேண்டும் என்று கூறி அத்தொகையை நீக்கி, வழக்கை ஆணையத்திற்குத் திருப்பி அனுப்பிற்று. அதன்பின்னும் அவ்வழக்கு ஓய்ந்துவிடவில்லை. தொகை எவ்வாறாயினும் ஆகுக. கூந்தலை இழந்ததும் ஓர் இழப்பே, அதைச் சிரித்துத் தள்ளுவதற்கில்லை என்பதை மன்றங்கள் ஏற்றன அல்லவா? எனக்கு அதுவே பெரிதாகத் தோன்றுகிறது.

நம்மைப் போன்றோர்க்குத் தில்லி வரை செல்ல வேண்டுவதில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறை நேர்ந்த இடம் பெங்களூராயினும், முறையிடுபவர் தாம் வாழும் மாவட்டத்திலேயே, அஃதாவது கோலார் மாவட்ட ஆணையத்திலேயே, வழக்குத் தொடுக்கலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். 1915 என்னும் தொலைபேசி எண்ணில் முதலில் ஆலோசனையும் கேட்கலாம். பற்றுச்சீட்டு இருத்தல் நலம், வெட்டுமுன்னும் வெட்டியபின்னும் எடுத்த படங்கள் இருந்தால் மிக நன்று. அண்ணன் மகளிடம் பற்றுச்சீட்டு இல்லை. கேட்கவில்லையாம்.

இனி, சற்றுப் பின்னோக்கிச் செல்ல நேயர்கள் இசைய வேண்டும். என் பாட்டனார் வடஆர்க்காட்டுச் சிற்றூர் ஒன்றிலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர். தங்கவயலுக்கு வந்தவருள் மிகப் பலர் அவரைப் போன்ற ஒடுக்கப்பட்ட மக்களே. அவருடைய ஊரில் ஊர் நாவிதர் அவர் தலையைத் தொடமாட்டார். தொட்டால் ஊரார் அந்த நாவிதரைத் தண்டிப்பர். உறவினர் ஒருவர் புளியமரத்தடியில் அமர்த்தி மழித்துவிடுவார். இங்கு வந்து முதற் சம்பளம் வாங்கியதும், கடைவீதியில் காசு கொடுத்து, கண்ணாடிக்கு முன் நாற்காலியில் அமர்ந்து முடி வெட்டிக்கொண்டதை அவர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். கிணறு போன்ற கூண்டில் இறங்கி, அனல் வீசும் பாறையைக் குடைந்தவர், சுரங்கத்தைப் பற்றி அவ்வளவு சொன்னதில்லை; அந்த நாற்காலியைப் பற்றிச் சொல்வார். வெட்டியவர் தம் சொந்தத் துண்டை அவர் தோளில் போர்த்தினாராம்.

அந்நாவிதரும் தம் ஊரில் தானியக் கூலிக்கு இழிவு சுமந்து, அதைவிட்டு இங்கு வந்தவராகவே இருக்கவேண்டும். ஊர்களில் மருத்துவமும் அறுவையும் செய்தவர்கள் அம்மரபினர். பிள்ளைப்பேறு பார்த்தவர்கள் அவர்தம் மகளிர். அவர்களையும் ஊர் மதித்ததில்லை.

1948 நவம்பர் 29ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில், கடை என்னும் சொல் எதனைக் குறிக்கும் என்னும் வினா எழுந்தபோது, டாக்டர் அம்பேத்கர் அதற்கு மிக விரிந்த பொருள் கூறினார். தன் சேவையை நாடிவரும் எவர்க்கும் அதனை அளிக்க ஒருவன் ஆயத்தமாயிருக்கும் இடமே கடை என்பது அவர் விளக்கத்தின் சாரம். 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம், தீண்டாமையின் பேரால் இத்தகைய சேவையை மறுப்பதைக் குற்றமாக்கிற்று. இன்று குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று வழங்குவது அதுவே. முடிதிருத்தும் நிலையமும் அதில் அடங்கும்.

நீண்ட கூந்தலைக் கண்டு முகம் சுளிப்பதும், சாதியைக் கண்டு தொட மறுப்பதும் ஒன்றே என்று நான் கூறவில்லை. ஒன்று எரிச்சல், மற்றது கொடுமை. ஆயினும் கூந்தல் வளர்த்த ஆடவரும் திருநங்கையரும் சில கடைகளில் எதிர்கொள்ளும் ஏளனம் இவ்விரண்டுக்கும் நடுவே எங்கோ நிற்கிறது. நாற்காலியில் அமர்பவர் தலை யாருடையது என்னும் கேள்வி எல்லாவற்றிலும் ஒன்றுதான்.

சென்ற திங்கள் அண்ணன் மகளை நானே ராபர்ட்சன்பேட்டையில் ஒரு பெண்மணியிடம் அழைத்துச் சென்றேன். சிறிய கடை, ஒரே நாற்காலி. தோளில் ஏற்றத்தாழ்வாய் நின்ற நுனியைச் சமன்செய்ய வேண்டியிருந்தது. பெண்மணி சீப்பை எடுக்குமுன், "எவ்வளவு?" என்று கேட்டார். இவள் விரலால் காட்டினாள். அவர் தம் விரலை அதன்மேல் வைத்து, "இவ்வளவா?" என்றார். "அதற்கும் குறைவாக அக்கா" என்றாள். முடிந்ததும் கூலியைக் கொடுத்துவிட்டு, சீட்டு ஒன்று வேண்டும் என்று கேட்டாள். அச்சிட்ட சீட்டு அங்கு இல்லை. பள்ளி நோட்டுப் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்துத் தேதியும் தொகையும் எழுதிக் கொடுத்தார் அப்பெண்மணி. அத்தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.