ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

(தலைப்பு: ஊர் முன்னேறப் பெரிதும் தேவை திட்டமிடும் அறிவா? தொடர்ந்து கவனிக்கும் கண்ணா? – ‘கவனிக்கும் கண்ணே’ என்ற அணியில் ஆற்றிய உரை)

அறிவைத் தூக்கிப் பிடித்துவிட்டு அமர்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே!

எனக்கு முன்னால் பேசிய அம்மா, "திட்டமே இல்லைன்னா கவனிக்கறதுக்கு என்ன இருக்கு?" என்று கேட்டுவிட்டு, கைதட்டலும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். நல்ல கேள்வி. பதிலை என் வீட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

எனக்குச் சர்க்கரை. டாக்டர் அழகாகத் திட்டம் எழுதிக் கொடுத்தார். தினம் ஐந்து கிலோமீட்டர் நடை, அரிசியைக் குறை, இனிப்பை மற. நானும் ஒரு நோட்டுப் போட்டு, நடந்ததை எழுதிக்கொண்டே வந்தேன். மூன்று மாதம் கழித்துக் கூட்டிப் பார்த்தால், நோட்டுக் கணக்குப்படி நான் திருப்பதிக்கே நடந்து போய்ச் சேர்ந்திருக்கிறேன். சர்க்கரை மட்டும் ஏறியிருக்கிறது! (சிரிப்பு) என் மனைவி ஒரே வரியில் தீர்ப்புச் சொன்னாள்: "நடந்ததும் நீங்க, நோட்டு எழுதினதும் நீங்க. ரத்தத்தை மட்டுந்தான் வேற ஆளு பார்த்திருக்காரு!" (சிரிப்பு, கைதட்டல்)

நடுவர் அவர்களே, என் வாதம் முழுவதும் அந்த ஒரு வரிக்குள் அடக்கம்.

இந்த ஊர் பனியன் கம்பெனி ஒன்றைச் சுற்றிப் பார்க்கப் போயிருந்தேன். ஓவர்லாக் ஓடுகிறது, பேட்லாக் ஓடுகிறது, பீஸ் மலை மாதிரி குவிகிறது. செக்கிங் மேஜையில் நின்ற ஒரு பெண்ணிடம், "இன்னைக்கு எத்தனை பீஸ்ம்மா?" என்றேன். அந்தப் பெண் சொன்னது: "தைச்சது கணக்கில்லீங்க சார். பாஸானதுதானுங்க கணக்கு." அப்போது நான் வாங்கிய டாக்டர் பட்டத்தைக் கழற்றி அந்த மேஜையிலேயே வைத்துவிட்டு வந்திருக்கலாம் போலிருந்தது! (கைதட்டல்)

எதிரணிக்கு நான் அநியாயம் செய்ய மாட்டேன். திருப்பூர் திட்டம் போட்ட ஊர்தான். 1980-களின் நடுவில் இங்கிருந்து ஏற்றுமதி ஆண்டுக்கு இருபது கோடி ரூபாய்க்கும் கீழே. 1990-ல் ஏற்றுமதியாளர்கள் சங்கம் அமைத்தார்கள். 2024–25-ல் ஏற்றுமதி சுமார் 40 ஆயிரம் கோடி. எழுந்து நின்று வணக்கம் சொல்ல வேண்டிய உழைப்பு இது.

சாயப்பட்டறைக்குத் தண்ணீர் வேண்டும். ஒரு காலத்தில் சுற்றுக் கிராமத்துக் கிணறுகளிலிருந்து லாரி லாரியாக வந்தது. 1995-ல் அரசும் தொழில்துறையும் சேர்ந்து ‘புதிய திருப்பூர் பகுதி வளர்ச்சிக் கழகம்’ என்று ஒரு நிறுவனம் அமைத்தார்கள். பவானிப் பக்கத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் குழாய், நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர், செலவு சுமார் ஆயிரம் கோடி. பத்தாண்டு பாடுபட்டுத் தண்ணீரைக் கொண்டுவந்தார்கள். தொழிலுக்கும், ஊருக்கும், வழியோரக் கிராமங்களுக்கும் கிடைத்தது. திட்டம் என்றால் திட்டம்!

இங்கேதான் நான் எதிரணியைப் பிடிக்கிறேன். வரும் தண்ணீருக்கு மீட்டர் இருந்தது. போகும் தண்ணீருக்கு?

நம் பாட்டி படிக்காதவள். "ஆத்துல போட்டாலும் அளந்து போடு" என்றாள். நாம் எத்தனையோ படித்தோம். ஆற்றில் போட்டோம். அளக்க மட்டும் மறந்துவிட்டோம்! (கைதட்டல்)

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை வழியாக, இந்தத் திருப்பூரைத் தொட்டுக்கொண்டு, கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறாள் நொய்யல். துணியில் சாயம் ஒட்ட உப்பு வேண்டும். துணி நிறத்தை வாங்கிக்கொள்கிறது, உப்பைத் தண்ணீரிலேயே விட்டுவிடுகிறது. நிறம் கடல் தாண்டிப் போச்சு, உப்பு நொய்யலில் போச்சு. அந்த நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் ஓர் அணை. 1992-ல் திறந்தார்கள், பாசனத்துக்காக. சில வருஷத்தில் அது சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிவிட்டது. உலகத்தில் எந்த விவசாயியும் அணையைத் திற, தண்ணீர் விடு என்றுதான் போராடுவான். இங்கே "ஐயா, திறக்காதீங்க, எங்க நெலம் செத்துப்போகும்" என்று போராடினான். எந்தத் திட்ட அறிக்கையிலாவது இந்த வரி உண்டா?

1990-களின் கடைசி. நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. அணைக்குக் கீழே ஒரு கிராமம், என் மாணவன் வீடு. அவன் அம்மா ஒரு சின்ன டம்ளரில் தண்ணீர் கொடுத்தார்கள். "இது வெலைக்கு வாங்கினதுங்க, பயப்படாமக் குடிங்க. எங்க கெணத்துத் தண்ணி மாட்டுக்கே ஆகாதுங்க." வீட்டைச் சுற்றித் தென்னை, நடுவிலே கிணறு. தண்ணீர் விலைக்கு!

அப்போது அவன் அப்பா அட்டாலியைக் காட்டினார். வரிசையாக மருந்து பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் தண்ணீர். ஒவ்வொன்றிலும் ஒட்டிய தாளில் மாதம், வருஷம். "எதுக்குங்க இது?" என்றேன். "என்னைக்காச்சும் ஒருத்தர் வந்து, ‘எப்ப இருந்து இப்படி?’னு கேப்பாருங்க வாத்தியாரய்யா. அன்னைக்குக் காட்டோணுமில்லீங்க" என்றார்.

நடுவர் அவர்களே, சம்பளம் இல்லை, பதவி இல்லை, அலுவலகம் இல்லை. நொய்யலுக்கு வாய்த்த கண்காணிப்பாளர் அவர்!

"ஏன், சுத்திகரிப்பு நிலையம் கட்டலையா?" என்று எதிரணி கேட்கலாம். கட்டினார்கள். அந்த 1990-களிலேயே பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்துவிட்டன. கோப்பில் ‘பணி முடிந்தது’ என்று எழுதியாகிவிட்டது. நிறம் குறைந்தது, உப்பு அப்படியே போனது. ஆற்றில் விடும் நீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. கட்டடம் பாஸ், தண்ணீர் பெயில்! தைத்ததைக் கணக்குப் பார்த்தோம், பாஸானதைப் பார்க்கவில்லை. (கைதட்டல்)

அப்புறம் யார் பார்த்தார்கள்? பாதிக்கப்பட்டவன் பார்த்தான். நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் 2003-ல் வழக்குப் போட்டார்கள். 2004-ல் சூழல் இழப்பீட்டு ஆணையம் 28 ஆயிரத்துக்கும் மேற்பட்ட விவசாயிகளுக்குச் சுமார் 25 கோடி ரூபாய் இழப்பீடு என்றது. 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், 2007 ஜூலைக்குள் ஒரு சொட்டுக் கழிவும் ஆற்றுக்குப் போகக் கூடாது, அதுவரை விடுகிற ஒவ்வொரு லிட்டருக்கும் அபராதம் என்றது. ஆரம்பம் 6 பைசா, போகப் போக ஏறும். ஆறு பைசா என்று சிரிக்காதீர்கள். அன்றைக்குத்தான் போகும் தண்ணீருக்கும் ஒரு கணக்கு வந்தது!

2009-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அப்போதும் நடக்கவில்லை. 2011 ஜனவரி 28-ல், எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவு. துணி சாயம் போட ஊர் ஊராக, மாநிலம் மாநிலமாக அலைந்தது. சனிக்கிழமைச் சம்பளத்தை நம்பி இருந்த குடும்பங்கள் தவித்தன. ஆயிரம் கோடிக் குழாய்த் தண்ணீரின் விற்பனையும் விழுந்தது. காலத்தில் பார்த்திருந்தால் மீட்டரோடு போயிருக்கும். பார்க்காமல் விட்டதால் பூட்டில் வந்து நின்றது.

அந்தப் பூட்டைத் திறந்ததும் இதே திருப்பூர்தான். அரசு வட்டியில்லாக் கடன் கொடுத்தது. தொழில்துறை கடன்பட்டுக் கட்டியது. சவ்வு வழியாகத் தண்ணீரைப் பிரித்து, மீதியைக் காய்ச்சி, உப்பையும் மீட்டு, மறுபடியும் சாயத் தொட்டிக்கே அனுப்புகிறார்கள். இன்றைக்கு 18 பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இந்த வழியில் நடக்கின்றன. இந்த அறிவு எங்கிருந்து வந்தது? யாரோ விடாமல் பார்த்துக்கொண்டிருந்ததால் வந்தது!

வள்ளுவர் செயலைப் பற்றி வினைத்திட்பம், வினைசெயல்வகை என்று அதிகாரங்கள் வைத்தார். அதோடு விட்டாரா? ஒற்றாடல் என்று தனியாக ஒன்று வைத்தார். யாரை ஆராயச் சொல்கிறார் தெரியுமா? பகைவனை மட்டும் சொல்லவில்லை. நம் வேலையைச் செய்கிறவனையும் பார், சொந்தக்காரனையும் பார் என்கிறார். ஒரு ஒற்றன் சொன்னதை இன்னொரு ஒற்றனை வைத்துச் சரிபார் என்கிறார். என் மனைவி வள்ளுவரைப் படிக்காமலே அதைத்தான் சொன்னாள்: நடந்தவனே நோட்டு எழுதக் கூடாது! (சிரிப்பு)

வேலை முடிந்துவிட்டதா? இல்லை. திரும்பப் பயன்படாத கலப்பு உப்பு அந்த நிலையங்களில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. அதற்கும் இப்போதே ஒரு நோட்டுப் போடுங்கள் என்று திருப்பூரை உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

திட்டம் போட்டவர்களுக்கு மாலை போட்டோம், கல்வெட்டு வைத்தோம். பாட்டிலில் தண்ணீர் பிடித்து வைத்த அந்த மனிதருக்கு என்ன செய்தோம்? நடுவர் அவர்களே, அவர் கேட்டது மாலையில்லை. ‘எப்ப இருந்து இப்படி?’ என்று ஒருத்தர் வந்து கேட்கவேண்டும், அவ்வளவுதான். அந்தக் கேள்வியைக் கேட்கிற கண்தான் ஊரை வாழவைக்கும். நல்ல தீர்ப்பைத் தாருங்கள்! (பலத்த கைதட்டல்)