பத்தாம் வகுப்போடு எடுக்கப்படும் தட்டு



நம் ஆம்பூரில் தைக்கிற ஷூ ஜெர்மனிக்குப் போகிறது. வாங்குகிறவர்கள் கறாரானவர்கள். பென்டாகுளோரோபீனால் என்ற மருந்து கலந்த தோல் கூடாது என்று 1989-இல் ஜெர்மனி தடை போட்டது. 1994-இல் சில வகை அசோ சாயங்களுக்குத் தடை வந்தது. நம் டேனரிகள் மருந்தை மாற்றின, சாயத்தை மாற்றின. சென்னையில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் துணை நின்றது. தோலுக்குத் தரம் கேட்டார்கள், கொடுத்தோம். அந்த நாட்டு அரசு தன் பதினாறு வயதுப் பிள்ளைக்கு என்ன செலவு செய்கிறது என்று நாம் கேட்டதுண்டா?

பிர்மாசென்ஸ் என்பது ஜெர்மனியின் ஆம்பூர். ஷூவுக்குப் பேர்போன ஊர். அந்த நாட்டில் ஒரு பிள்ளை தொழிலுக்குப் போக விரும்பினால், வாரத்தில் ஓரிரு நாள் தொழிற்பள்ளி, மற்ற நாட்களில் கம்பெனியில் பயிற்சி. பயிற்சிக்கால உதவித்தொகை கம்பெனியுடையது. ஆசிரியர் சம்பளம் மாநில அரசுடையது. வேலைக்குப் போனாலும் படிப்பு நிற்பதில்லை, அரசின் பணமும் நிற்பதில்லை.

நாட்டு வருமானத்தில் கல்விக்கு அரசு தரும் பங்கைப் பார்த்தால், இந்தியா, ஜெர்மனி இரு நாடுகளும் ஏறத்தாழ 4 முதல் 5 சதவீதத்துக்குள்தான். ஆனால் அவர்கள் வருமானம் பெரிது, பிள்ளைகள் குறைவு. தலைக்கு எவ்வளவு என்று கணக்கிட்டால் மலைக்கும் மடுவுக்குமான தூரம். 6 சதவீதம் வேண்டும் என்று கோத்தாரி கல்விக் குழு 1966-இல் சொன்னது. 2020 தேசியக் கல்விக் கொள்கையும் அதையேதான் சொல்கிறது.

சரி, பணக்கார நாட்டோடு தொகையில் போட்டி வேண்டாம். இருக்கிற பணம் எந்த வயதில் நிற்கிறது என்று மட்டும் பாருங்கள். கல்வி உரிமைச் சட்டம் பதினான்கு வயதோடு முடிகிறது. சத்துணவு பத்தாம் வகுப்போடு முடிகிறது. 2022-இல் வந்த புதுமைப்பெண் திட்டத்தின் ஆயிரம் ரூபாய், பன்னிரண்டைத் தாண்டிக் கல்லூரியில் கால் வைத்த பிறகுதான் கிடைக்கும். நடுவில் பிளஸ் ஒன், பிளஸ் டூ. புத்தகம் உண்டு, பஸ் பாஸ் உண்டு, சைக்கிள் உண்டு. மதியச் சோறு இல்லை. வளர்கிற வயது, தாய்மார்களே! அந்த இரண்டு வருடத்தில்தான் ஊர் வாசலில் ஷூ கம்பெனி பஸ் வந்து நிற்கிறது. வீட்டில் கடன் இருந்தால் பெண்பிள்ளை எதில் ஏறும்?

இந்த மண்ணின் தோல் வியாபாரிகள் அரசுக்குக் காத்திருக்கவில்லை. வாணியம்பாடியில் 1919-இலேயே இஸ்லாமியா கல்லூரி எழுந்தது. அந்தக் கொடையை நான் கைகூப்பி வணங்குகிறேன். ஆனால் வள்ளல் இல்லாத கிராமத்துப் பிள்ளைக்கு அரசு மட்டும்தானே இருக்கிறது?

ஆகவே கேட்கிறேன். சத்துணவைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை நீட்டுங்கள். மேல்நிலைப் பள்ளிகளில் ஆசிரியர் ஓய்வு பெற்றதும் மூடப்பட்ட தொழிற்பிரிவுகளைத் திறந்து, ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் வாணியம்பாடியிலும் காலணித் தொழிலைப் பாடமாக வையுங்கள். ஏற்றுமதியாளர்களே, பயிற்சிக்கு உங்கள் கம்பெனிக் கதவைத் திறந்து, உதவித்தொகையும் கொடுங்கள். சம்பளம் போட்டு ஆசிரியரை அனுப்புவது அரசின் பொறுப்பு. அடுத்த நிதிநிலை அறிக்கைக்கு முன்னால் இந்தக் கோரிக்கை சென்னைக்குப் போய்ச் சேர வேண்டும். முதல் கையெழுத்து என்னுடையது.