கரி கூறும் சான்று

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



பழந்தமிழில் ‘கரி’ என்னும் சொல்லுக்கு அடுப்புக் கரி என்பதோடு சான்று என்றும் பொருள் உண்டு. வள்ளுவர் பெருமான் இந்திரனைக் குறிப்பிடும் குறளில் இச்சொல்லைச் சான்று என்னும் பொருளிலேயே ஆண்டிருக்கின்றார். இவ்விரு பொருளும் இன்றைய இரசாயன ஆராய்ச்சியில் ஒன்றுகூடியிருக்கக் காண்கின்றோம். நீரில் கலந்த நஞ்சுக்குக் கரியே சான்று கூற முன்வந்திருக்கின்றது. அதுபற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றேன்.

2004-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் தென் கரோலினாப் பல்கலைக்கழகத்தில், மின்பொறியால் உண்டாக்கிய கரியிலிருந்து கார்பன் நுண்குழாய்களைப் பிரித்துத் தூய்மை செய்தபோது, எதிர்பாராத வகையில் ஒளிரும் துகள்கள் தென்பட்டன. 2006-இல் கிளெம்சன் பல்கலைக்கழகத்தார் இத்தகைய துகள்களைக் கார்பன் புள்ளிகள் என அழைத்தனர். 2007-இல் மெழுகுவர்த்திக் கரியிலிருந்து இவற்றை ஆக்கினர். 2012-இல் நம் நாட்டில், ரூர்கேலா தேசியத் தொழில்நுட்பக் கழகத்தாரும் உடன் ஆய்ந்தோரும் ஆரஞ்சுப் பழச்சாற்றிலிருந்தே ஆக்கிக் காட்டினர்.

ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். கார்பன் புள்ளியோ பெரும்பாலும் 10 நானோமீட்டருக்கும் குறைந்தது. இவை கலந்த நீரின்மேல் கண்ணுக்குப் புலனாகாத புற ஊதாக் கதிரைச் செலுத்தினால், நீர் நீல ஒளி வீசும். அந்நீரில் பாதரசம் சேர்ந்தால், அதன் அயனிகள் புள்ளியின் மேற்பரப்பைப் பற்றிக்கொள்ளும். அப்போது, புள்ளி ஏற்ற ஆற்றல் ஒளியாகாது வீணே கழிய, ஒளி மங்கும். மங்கிய அளவைக்கொண்டு நஞ்சின் அளவை அறியலாம்.

இதன் பயன் சிறிதன்று. ஜப்பானில் மினமாட்டாக் கடற்கரையில், மீன் உண்ட மக்களைப் பாதரச நஞ்சு வாட்டிய கொடுமை 1956-இல் வெளிப்பட்டது. நம் நாட்டின் குடிநீர்த் தரவிதி, 1 லிட்டரில் 0.001 மில்லிகிராம் பாதரசத்திற்கு மேல் ஒவ்வாது என்கின்றது. அஃதாவது, ஆயிரம் லிட்டர் நீருக்கு ஒரு மில்லிகிராம்! இத்துணைச் சிறிய அளவை நாவோ மூக்கோ அறியுமா?

ஆயினும் அன்பர்களே, சான்று கூற வந்தோர் யாவரும் மெய் கூறுவோர் அல்லர். பாதரசம் இல்லாத கிணற்று நீரிலும் இரும்பு இருக்கலாம். இரும்பு அயனியும் புள்ளியின் ஒளியை மங்கச் செய்யும். செலுத்திய கதிரைத் தானே இடைமறித்து விழுங்கவும் செய்யும். அப்போது நல்ல கிணறு நச்சுக் கிணறு எனப் பழி சுமக்கும். மாறாக, மட்கிய இலைதழைகளின் சாரம் கலந்த நீர் புற ஊதாக் கதிரில் தானும் நீலமாக ஒளிரும். அவ்வொளி, புள்ளி மங்கியதை மறைத்துவிட்டால், நஞ்சு நன்னீர் எனப் பெயர் பெறும். இப்பொய்க்கரிக்கு விலை குழந்தைகளின் உடல்நலம் அன்றோ?

இதனினும் நுட்பமான ஆள்மாறாட்டமும் உண்டு. சிட்ரிக் அமிலத்திலிருந்து ஆக்கிய சிலவற்றில், ஒளியின் பெரும்பகுதியைத் தந்தது புள்ளியன்று, உடன் விளைந்த சாய மூலக்கூறே எனப் பின்னர் கண்டனர்.

எனவே, சான்றாளனை மன்றத்தில் குறுக்கு விசாரணை செய்வதுபோலப் புள்ளியையும் செய்தல் வேண்டும். காய்ச்சி வடித்த நீரில் கண்ட வெற்றியோடு நில்லாது, ஆற்று நீரிலும் கிணற்று நீரிலும் சோதித்தல் வேண்டும். அந்நீரில் அறிந்த அளவு பாதரசத்தைச் சேர்த்து, அதே அளவு விடையாக வருகின்றதா எனப் பார்த்தல் வேண்டும். வேறொரு நம்பகமான கருவியின் விடையோடும் ஒப்பிடல் வேண்டும். ஒரே ஒளியை நம்பாது, இரு நிற ஒளிகளின் விகிதத்தை அளப்பது மேலும் நன்று.

ஆய்வுக்கூடங்களில் பணிபுரியும் நம் இளைஞர்க்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் புள்ளி எவ்வளவு ஒளிர்கின்றது என்று மகிழுமுன், எதற்கெல்லாம் மங்குகின்றது என்று கேளுங்கள். அவ்விடையை மறையாது எழுதுங்கள். குடம் ஏந்தி நிற்கும் தாய்க்கு வேண்டுவது பொய்யாத சான்று ஒன்றே.