பொதுமன்றத்தின் வாயிற்காவலர்



கணனித் தொழில் பயில்வோர் உலகெங்குமிருந்து கூடி, வினாவும் விடையும் பரிமாறும் மன்றங்கள் இணையத்தில் உள. அவற்றைக் காப்போரைப் பற்றிச் சிறிது பேச விழைகின்றோம். பெரியோர்க்கு இஃது அந்நியமாகத் தோன்றுமாயின், புராணபடனம் நிகழும் கோயில் மண்டபத்தை நினைந்துகொள்க. பயன் சொல்லும் வேளையில் ஒருவன் நடுவே புகுந்து புடைவை விலை கூவுகின்றான். மற்றொருவர் எழுந்து, நெல்லுக்கு எப்போது பசளை இடுவதென வினவுகின்றார். இருவராலும் படிப்புத் தடைப்படும். ஆயினும் இருவரும் ஒரு தரத்தினர் அல்லர்.

முன்னையவன் செயலை ‘ஸ்பாம்’ என்பர். பேணியில் அடைத்த பன்றியிறைச்சியின் பெயர் அது. சைவ மன்றத்திலே சொல்லக் கூசுகின்றோம்! 1970இல் ஒளிபரப்பான ஆங்கில நகைச்சுவைக் காட்சியொன்றில் அச்சொல் ஓயாது ஒலித்தமையால் இப்பொருள் பெற்றது. 1978 மே மாதத்திலேயே கணனிக் கம்பனியொன்றின் விற்பனையாளர், ஆர்ப்பாநெற் வலையிலிருந்த ஏறக்குறைய 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். 1994 ஏப்ரலில் அரிசோனா வழக்கறிஞர் இருவர், ‘கிறீன் காட்’ எனும் அமெரிக்க வதிவிட அனுமதிச் சீட்டிழுப்பைப் பற்றிய விளம்பரத்தை யூஸ்நெற்றின் ஆயிரக்கணக்கான குழுக்களில் ஒட்டினர். அனுப்புவோனுக்குச் செலவு சொற்பம். வாசிப்போர் அனைவரும் தத்தம் நேரத்தை இழக்கின்றனர். தொல்லையின் வேர் இங்கேதான் உளது.

இத்தகையோனை விலக்க இயந்திரமும் உதவும். ஒரு சொல் குப்பைக் கடிதங்களில் எத்துணைமுறை, நல்ல கடிதங்களில் எத்துணைமுறை வருகின்றதெனக் கணக்கிட்டு இனங்காணும் முறையைப் போல் கிரகாம் 2002இல் விளக்கி எழுதினார். ஆனால் இடமறியாது வினவும் புதியவரின் சொற்களோ நல்ல வினாவின் சொற்களே. அவரை இனங்காண மனிதர் வேண்டும். அதிலும் பொறுமையுள்ள மனிதர் வேண்டும்.

2008இல் தோன்றிய ஸ்ராக் ஓவர்புளோ என்னும் மன்றம் இவ்வேற்றுமையை விதியாகவே அமைத்தது. ஸ்பாம் என உறுப்பினர் சிலர் கொடி காட்டினால் அது தானே மறையும், விவாதம் கிடையாது. புறம்பான வினாவோ மூடப்படும். கேட்டவர் திருத்தினால் மீளத் திறக்கலாம். மூடுதற்கு வேண்டிய வாக்குகள் 2019இல் ஐந்திலிருந்து மூன்றாகக் குறைக்கப்பட்டன.

விதி நன்று, நடைமுறை வேறு. நாடோறும் குப்பை அள்ளிய கை, விருந்தினரையும் அதே வேகத்தில் தள்ளிவிடும். புதியோர் பலருக்குத் தம் மன்றம் வரவேற்புடையதாக இல்லையென அந்நிறுவனமே 2018இல் வெளிப்படையாக எழுதியது. எம்போன்ற மாணவர் இம்மன்றங்களுள் நுழைவது புதியோராகவே. கதவை மூடுபவர் எந்த மண்டபத்துக்குப் போகவேண்டுமெனவும் ஒருவரி சொல்லல் வேண்டும் என்பது எம் அபிப்பிராயம். எனினும், ஊதியமின்றி மாலைப்பொழுதைச் செலவிடும் அத்தொண்டரைக் கடிந்துகொள்ளவும் எமக்கு நா எழவில்லை.

இப்போது மூன்றாமவன் வந்துள்ளான். 2022 டிசெம்பரில், சற்ஜிபிரி ஆக்கிய விடைகளை அம்மன்றம் தடைசெய்தது. அவை விளம்பரமும் அல்ல, புறம்பும் அல்ல; சரிபோலத் தோன்றி அடிக்கடி பிழைப்பவை. வாசித்துச் சோதிப்பவர்க்கே பிழை புலப்படும். ஆக்குபவர்க்கோ நொடிப்பொழுது போதும். அடுத்த ஆண்டு, ஐயத்தின் பேரில் அவற்றை நீக்கும் காவலரின் அதிகாரத்தை நிறுவனம் கட்டுப்படுத்தவே, 2023 யூனில் தொண்டர் பலர் வேலைநிறுத்தம் செய்தனர். எவ்வகைச் சான்று கண்டால் நீக்கலாம் என்பதை இரு திறத்தாரும் பேசித் தீர்த்து, ஓகஸ்டில் அவர்கள் வாயிலுக்கு மீண்டனர்.