அச்சு மெழுகும் கார் மெழுகும்



மாசி மகத்துக்குச் சில நாட்களுக்கு முன்பு, ஜாசின் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து அன்பர் ஒருவர் நம்மைத் தேடி வந்தார். பள்ளிப் பிள்ளைகளை வேனில் ஏற்றி இறக்குவது அவர் தொழில். அவர் கையில் ஒரு மெழுகு டின் இருந்தது. "வாத்தியாரையா, மகன் வேலை செய்யும் தொழிற்சாலையில் தண்ணீர்த் தொட்டி செய்யும் அச்சுக்கு இந்த மெழுகைத்தான் போடுகிறார்களாம். அச்சு கண்ணாடிபோல மின்னுகிறதாம். இதை வேனுக்குப் போடலாமா? மாசி மகத்தன்று செங் சன்னாசிமலைக்கு வண்டியைப் பளபளவென்று ஓட்டிப் போக வேண்டும்" என்றார்.

நல்ல கேள்வி. அந்த வேன்தான் அவர் குடும்பத்துக்குச் சோறு போடுகிறது. ஆகவே தெரிந்தும் தெரியாமலும் ஒரு பதிலைச் சொல்லி அனுப்ப நமக்கு மனம் வரவில்லை. அவருக்குச் சொன்னதையே இன்று உங்களுக்கும் விளக்கிச் சொல்ல விரும்புகிறோம்.

அச்சு மெழுகு எதற்காக இருக்கிறது? நம் வீட்டுச் சமையலறையிலேயே இதற்கு விடை உண்டு. இட்லித் தட்டில் எண்ணெய் தடவாமல் மாவை ஊற்றினால் என்ன ஆகும்? இட்லி பாதி தட்டிலும் பாதி கையிலுமாக வரும். எண்ணெய் தடவினால் முழுதாகக் கழன்று வரும். தொழிற்சாலையில் ஃபைபர்கிளாஸ் தொட்டியோ படகோ செய்யும்போது, அச்சின் மேல் பாலியெஸ்டர் பிசினைப் பூசி இறுக விடுகிறார்கள். அந்தப் பிசின் அச்சோடு ஒட்டிக்கொள்ளாமல் கழன்று வருவதற்குத்தான் மெழுகு. புதிய அச்சுக்குப் பலமுறை மெழுகு பூசி, ஒவ்வொரு முறையும் துடைத்து மெருகேற்றுவார்கள்.

இந்த மெழுகில் பெரும்பாலும் முக்கியப் பொருளாக இருப்பது கார்னாபா மெழுகு. அது பிரேசில் நாட்டின் வடகிழக்கிலுள்ள சியாரா, பியாவி முதலிய மாநிலங்களில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலையிலிருந்து கிடைக்கிறது. வெயில் கடுமையான அந்த வறண்ட நிலத்தில், தன் நீரைக் காத்துக்கொள்ள அந்தப் பனை ஓலையின் மேல் மெழுகைப் படியவிடுகிறது. ஓலையை வெட்டி உலர்த்தித் தட்டினால் மெழுகு பொடியாக உதிரும். நம் ரப்பர் மரத்துக்கும் பிரேசில்தான் பிறந்தகம். 1896-ஆம் ஆண்டில் தான் சாய் யான் நம் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் அதை வாணிபத்துக்காகப் பயிரிட்டார். ஒரே நாட்டிலிருந்து வந்த பால் ஒன்று, மெழுகு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம்.

கார்னாபா, இயற்கை மெழுகுகளில் மிகக் கடினமானது. ஏறத்தாழ 82 முதல் 86 பாகை செல்சியஸ் வெப்பத்தில்தான் அது உருகும். தேன்மெழுகோ 62 முதல் 65 பாகையிலேயே உருகிவிடும். சப்பாத்துப் பாலிஷிலும், மிட்டாய், மாத்திரைகளின் மேற்பூச்சிலும் கார்னாபா உண்டு. பத்து பெரண்டாம் சுதந்திர வாணிப வட்டாரத்தில் 1970-களில் மின்னணுத் தொழிற்சாலைகள் வந்தபோது, தோட்டங்களிலிருந்து எத்தனையோ இளம்பெண்கள் அங்கு வேலைக்குப் போனார்கள். அத்தகைய தொழிற்சாலைகளில் சில்லுகளைக் கறுப்புப் பிசினுக்குள் பொதியும்போது, அந்தப் பிசினிலேயே சிறிதளவு கார்னாபா கலந்திருப்பது வழக்கம். சுமார் 175 பாகை வெப்பத்தில் மெழுகு உருகி மேலே வந்து, சில்லை அச்சிலிருந்து விடுவிக்கிறது.

கடையில் விற்கும் நல்ல கார் மெழுகுகள் பலவற்றிலும் இதே கார்னாபாதான் இருக்கிறது. அப்படியானால் இரண்டும் ஒன்றுதானே என்று கேட்பீர்கள். அரிசி ஒன்றுதான், ஆனால் பொங்கல் வேறு, புட்டு வேறு அல்லவா?

அச்சு மெழுகைச் செய்பவர், பிசின் இறுகும்போது எழும் சூட்டையும், அதிலுள்ள ஸ்டைரீன் என்னும் கரைப்பானையும் மெழுகு தாங்க வேண்டும் என்று எண்ணிச் செய்கிறார். ஆகவே அது கெட்டியாக இருக்கும். பூசித் தாமதித்தால் துடைப்பதற்குள் தோள் வலி எடுத்துவிடும். கார் மெழுகைச் செய்பவரோ, பூசவும் துடைக்கவும் எளிதாக இருக்க வேண்டும், சாயத்தின் நிறம் ஆழமாகத் தெரிய வேண்டும் என்று எண்ணி எண்ணெய்களைச் சேர்க்கிறார். சிலர் அழுக்கை அகற்றும் பொருளையும், வெயிலைத் தடுக்கும் பொருளையும் சேர்ப்பதுண்டு. அச்சு மெழுகில் இவற்றை எதிர்பார்க்க முடியாது.

எனவே நம் பதில் இதுதான். டின்னில் இருப்பது சிலிக்கோன் இல்லாத கார்னாபா பசை மெழுகு என்றால், நன்றாக இறுகிய சாயத்துக்கு அதனால் கெடுதல் இல்லை, பளபளப்பும் வரும். ஆனால் அதனால் தனிப்பட்ட நன்மையும் இல்லை. நம் நாட்டு வெயிலிலும் மழையிலும் எந்த மெழுகும் சில வாரங்களோ சில மாதங்களோதான் நிற்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அச்சிலிருந்து பொருளை விடுவிக்கப் பயன்படுவதெல்லாம் மெழுகு அல்ல. சிலிக்கோன் தெளிப்பு உண்டு; ஸ்டீரேட் பொடி உண்டு; நீரில் கரையும் பிளாஸ்டிக் படலம் உண்டு; அச்சின் மேல் பலநாள் ஒட்டி நிற்கும் இரசாயனப் பூச்சும் உண்டு. இவற்றில் எதையும் காரின் மேல் பூசக் கூடாது.

அலோர் காஜா பக்கம் டாக்சி ஓட்டிய ஒருவரை நமக்குத் தெரியும். பிளாஸ்டிக் அச்சுக்கு அடிக்கும் சிலிக்கோன் தெளிப்பு ஒன்று கிடைத்தது என்று வண்டி முழுதும் அடித்துத் துடைத்தார். வண்டி மின்னியது, அவருக்கும் மகிழ்ச்சி. பின்னர் ஒருநாள் கதவு உரசிவிட்டது. பட்டறையில் சாயம் அடித்தபோது கதவெங்கும் வட்ட வட்டமாகக் குழிகள் விழுந்தன. பட்டறைக்காரர்கள் இதை மீன்கண் என்பார்கள். எண்ணெய்ப் பிசுக்குள்ள தட்டில் தண்ணீர் ஊற்றினால் அது பரவாமல் விலகி ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். சிலிக்கோன் பட்ட இடத்திலிருந்து சாயமும் அப்படித்தான் விலகிப்போகிறது. சாயத்தைச் சுரண்டி, கழுவி, மறுபடியும் அடிக்க வேண்டியதாயிற்று. கூலி இரண்டு முறை. வருமானம் போனது இரண்டு நாள்.

இனி வேன்கார அன்பரிடம் வருவோம். ஈரமான வெள்ளைத் துணியால் வேனின் கூரையைத் தேய்த்துப் பார்க்கச் சொன்னோம். துணி நீலமாயிற்று. பல ஆண்டு வெயிலில் சாயத்தின் மேற்பரப்பு மாவுபோல் ஆகிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். மெழுகு இதற்கு மருந்தாகாது; அது மேலே போர்த்தும் போர்வை மட்டுமே. முதலில் மெருகுப் பசையால் அந்த மாவை நீக்க வேண்டும். அதன் பிறகுதான் மெழுகு. அவர் வேனில் இருந்தது பழைய முறைச் சாயம். இக்காலக் கார்களில் நிறத்துக்கு மேலே நிறமற்ற பூச்சு ஒன்று உண்டு. அதன் கனம் ஏறத்தாழ 40 முதல் 50 மைக்ரோன்தான். தலைமுடியின் பருமனைவிடக் குறைவு. ஆகவே அடிக்கடி மெருகுப் பசையால் தேய்ப்பது ஆகாது.

நேயர்கள் மனத்தில் வைக்க வேண்டியவை சில. தோட்டத்துச் செம்மண் புழுதியோடு துடைத்தால் வண்டியில் கீறல் விழும். முதலில் நன்றாகக் கழுவுங்கள். நிழலில், வண்டி குளிர்ந்த பிறகு, மெழுகை மிக மெல்லியதாகப் பூசுங்கள். புதிய மெழுகு எதுவானாலும் கண்ணில் படாத ஒரு மூலையில் போட்டுப் பாருங்கள். பட்டறையில் புதிதாகச் சாயம் அடித்திருந்தால், அதிலுள்ள கரைப்பான் ஆவியாகிப் போகும்வரை மெழுகு வேண்டாம். சாயத்தைப் பொறுத்து இதற்கு 30 நாள் முதல் 90 நாள் வரை ஆகலாம், பட்டறைக்காரரைக் கேட்டுக்கொள்ளுங்கள். மெழுகு டின்னில் எளிதில் தீப்பற்றும் கரைப்பான் உண்டு. வீட்டுக்குள், அடுப்பருகே, பிள்ளைகள் கைக்கு எட்டும் இடத்தில் அதை வைக்காதீர்கள்.

இறுதியாக அந்த அன்பரிடம் ஒன்று கேட்டோம். "இந்த டின்னை உங்கள் மகன் மேற்பார்வையாளரிடம் சொல்லித்தான் எடுத்து வந்தாரா?" அவர் சற்றுநேரம் பேசவில்லை. பிறகு, "நாளைக்கே கொண்டுபோய் வைக்கச் சொல்கிறேன், வாத்தியாரையா" என்றார். ஒரு டின் மெழுகுக்காக மகனின் வேலை போய்விடக் கூடாது அல்லவா?

மாசி மகத்தன்று அவர் வேன் கண்ணாடிபோல் மின்னவில்லை என்பது உண்மைதான். ஆனால் மெருகுப் பசையும் சாதாரணக் கார் மெழுகும் போட்டு, சுத்தமாகவும் நீல நிறம் தெளிவாகவும் இருந்தது. ஒரு பொருள் நல்லதா என்று மட்டும் கேட்பது போதாது. எந்த வேலைக்காகச் செய்யப்பட்டது, உள்ளே என்ன இருக்கிறது என்றும் கேட்க வேண்டும். டின்னைத் திறக்குமுன் அதன் மேலுள்ள எழுத்தைப் படிப்போம். படிக்கத் தெரியாதவருக்குப் படித்துச் சொல்வோம்.