எடையும் குறையணும், மனசும் நிறையணும்

(முன்னாள் மாணவர் சங்கக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் போனில் கூப்பிட்டு, "பிள்ளைகளுக்கு உபயோகமா ஏதாவது பேசு தங்கச்சி, பத்து நிமிஷம் போதும்" என்றார். "எடை குறைக்கிறதைப் பத்திப் பேசட்டுமாண்ணா?" என்று கேட்டேன். ஒரு நிமிஷம் விடாமல் சிரித்தார். ஏன் சிரித்தார் என்பது 1993-லிருந்து 1996 வரை என்னோடு வேதியியல் படித்தவர்களுக்குத் தெரியும். அப்போது என் உயரம் 155 சென்டிமீட்டர், எடை 71 கிலோ. எனக்கு வகுப்பில் வைத்திருந்த பட்டப்பெயரை இந்த மேடையில் சொல்ல மாட்டேன். வைத்தவர்களே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள், பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிற வயதில்.

அந்தப் பட்டப்பெயர் தாங்காமல் நான் செய்த முதல் காரியம் பட்டினி. காலையில் அம்மா போடுகிற இட்லியை நாய்க்குப் போட்டுவிட்டு பஸ் ஏறுவேன். மதியம் டப்பாவைத் தோழிகளுக்குத் தள்ளிவிடுவேன். சாயங்காலம் நாலு மணிக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வரும்போது வில்லியனூர் பஸ் நிறுத்தத்துக் கடையில் நாலு போண்டா. இதுதான் என் 'டயட்'. பத்தொன்பதாவது நாளோ இருபதாவது நாளோ, ஆய்வுக்கூடத்தில் பியூரெட்டைப் பிடித்தபடியே கீழே சாய்ந்தேன். கண் விழித்தபோது எங்கள் விரிவுரையாளர் அம்மா என் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "சாப்பிடாம இளைச்சா அது இளைப்பு இல்லம்மா, சோகை" என்றார். பிறகு ரத்தம் சோதித்ததில் அது அப்படியே உண்மை. உடம்பு பெருத்திருக்கிறது, ரத்தம் இல்லை. இரண்டும் ஒரே ஆளுக்கு வரும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

இதை என் கதை என்று மட்டும் நினைக்காதீர்கள். மத்திய அரசு 2019-21-ல் எடுத்த குடும்ப நலக் கணக்கெடுப்பில், நம்ம புதுச்சேரிப் பெண்களில் 15 வயதிலிருந்து 49 வயது வரை உள்ளவர்களில் நூற்றுக்கு 46 பேர் அதிக எடை. அகில இந்தியக் கணக்கு நூற்றுக்கு 24 தான். அதே கணக்கெடுப்பில் நம்ம பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. ஆக, இந்தக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் தங்கைகளில் எத்தனை பேருக்கு இரண்டும் சேர்ந்து இருக்கும் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். எடை கூடுகிறது, கூடவே மாதவிலக்கும் தள்ளித் தள்ளிப் போகிறது என்றால் முதலில் டாக்டரைப் பாருங்கள். தைராய்டோ வேறேதோ இருந்தால் சைக்கிள் மட்டும் போதாது.

சைக்கிள் என்று சொல்லிவிட்டேன். அங்கேதான் வரவேண்டும்.

எங்கள் ஊர் மங்கலம் பக்கம். மயக்கம் போட்டு விழுந்த செய்தி வீட்டுக்குப் போனதும் அம்மா சாப்பாட்டுக்குக் காவல் உட்கார்ந்துவிட்டார். அந்தச் சமயம் பார்த்து எங்கள் காலை பஸ்ஸின் நேரத்தை மாற்றினார்கள். முதல் பீரியட் போய்விடும். அப்பா தன் பழைய சைக்கிளின் பாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பாண்டிக்குப் போய் ஒரு லேடீஸ் சைக்கிள் பழசு வாங்கி வந்தார். பாகூர் பக்கத்திலிருந்து வந்த இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். போக அரை மணி, வர அரை மணி. வழியெல்லாம் வயல். கரும்பு ஏற்றிய டிராக்டரைப் பிடித்துக்கொண்டு போகிற வீரம் எங்களுக்குக் கிடையாது. அதன் பின்னால் கரும்பு உருவுகிற வீரம் இருந்தது. ஊர்க்கதை பேசி, பாட்டுப் பாடி, செயின் கழன்றால் கையெல்லாம் மசியாக்கி, ஒருநாளும் 'உடற்பயிற்சி' செய்கிறோம் என்று நாங்கள் நினைத்ததே இல்லை. படிப்பு முடியும்போது நான் 63 கிலோ. 71-லிருந்து 63. நூல்போல ஆகிவிடவில்லை, இன்றைக்கும் இல்லை. ஆனால் மாடி ஏறினால் மூச்சு வாங்காது.

வேதியியல்காரி என்பதால் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். சாதாரண வேகத்தில் ஒரு மணி நேரம் சைக்கிள் மிதித்தால் சுமார் 300 கலோரி செலவாகும். வாரம் ஆறு நாள் என்றால் 1800. ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறத்தாழ 7700 கலோரி வேண்டும். அதாவது, சாப்பாட்டை ஏற்றாமல் இருந்தால், நாலு மாத செமஸ்டரில் ஏறத்தாழ நாலு கிலோ. சாப்பாடு ஏறத்தான் செய்யும், அதனால் அதிலும் குறைவு. "பத்து நாளில் பத்து கிலோ" என்று சுவரில் ஒட்டியிருக்கிற நோட்டீஸைப் பார்க்கும்போது இந்தப் பெருக்கல் கணக்கைப் போட்டுப் பாருங்கள். எங்கள் தோழி ஒருத்தி அப்படி ஒரு பவுடரை வாங்கிக் குடித்து, எடை குறைந்ததோ இல்லையோ, வயிற்றுப்போக்கில் பரீட்சையைக் கோட்டைவிட்டாள்.

இன்னொரு பக்கம், ஒல்லியாக இருக்கும் தம்பிகள் 'நமக்கென்ன' என்று செல்போனை நோண்டுகிறீர்கள். உங்களுக்கும் ஒரு கதை இருக்கிறது. புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த டாக்டர் யட்கின் என்று இரண்டு நண்பர்கள். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கிற கணக்கில் இருவருக்கும் ஒரே எண், 22.3. உடம்பில் எவ்வளவு கொழுப்பு என்று அளந்தபோது வெள்ளைக்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2 சதவீதம்! 2004-ல் தங்கள் படத்தையே போட்டு 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். வெளியே ஒல்லி, உள்ளே கொழுப்பு. அதுதான் நம்ம உடம்பு வாகு. அதனால்தான் நமக்கு அந்த எண் 23-ஐத் தாண்டினாலே அதிக எடை, 25-ஐத் தாண்டினால் பருமன் என்று நம் நாட்டு டாக்டர்கள் வைத்திருக்கிறார்கள். என் உயரப் பெண்ணுக்கு 55 கிலோவிலேயே எச்சரிக்கை மணி. தராசு இல்லாவிட்டால் தையற்கடை டேப் போதும். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80, அதைத் தாண்டக்கூடாது.

தாண்டினால் என்ன? என் அப்பாவைச் சொல்கிறேன். எனக்கு சைக்கிள் வாங்கிக் கொடுத்த அதே அப்பா. பிற்காலத்தில் மொபெட் வாங்கி, டீக்கடைக்குக் கூட அதில்தான் போவார். சர்க்கரை வந்தது. 2001-ல் காலில் முள் குத்தியது தெரியவில்லை. தெரிந்தபோது இரண்டு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. அதன்பிறகு அவர் சைக்கிளும் மிதிக்கவில்லை, மொபெட்டும் ஓட்டவில்லை. 2023-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வு வெளிவந்தது. சர்க்கரை நோயில் கோவாவுக்கு அடுத்து நாட்டிலேயே இரண்டாமிடம் நம்ம புதுச்சேரிக்கு. பெரியவர்களில் நூற்றுக்கு 26 பேர். நாலு பேர் உட்கார்ந்த பெஞ்சில் ஒருவர். நாட்டின் சராசரி 11.4 தான்.

ஆனால் பயமுறுத்த வரவில்லை நான். நம்பிக்கை தருகிற ஆராய்ச்சியும் நம் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை வரும் விளிம்பில் இருந்த 531 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு பிரிவினரை நடக்கவும் உணவைச் சீர் செய்யவும் வைத்து மூன்று வருஷம் போலக் கவனித்தார்கள். 2006-ல் முடிவு வந்தது. நடந்தவர்களுக்குச் சர்க்கரை வரும் வாய்ப்பு ஏறத்தாழ 28 சதவீதம் குறைந்தது. வேடிக்கை என்னவென்றால், அவர்கள் எடை பெரிதாகக் குறையவில்லை! தராசு முள் அசையவில்லை என்று மூன்றாம் வாரம் நிறுத்திவிடுகிற தங்கைகளுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். முள் அசையாவிட்டாலும் உள்ளே வேலை நடக்கிறது.

சரி, சந்தோஷமாக என்ன செய்யலாம்? நம்ம கொம்யூனில் இல்லாததா? ஊசுட்டேரி இருக்கிறது, 2008-லிருந்து பறவைகள் சரணாலயம். பனிக்காலத்தில் கரைமேல் நாலு பேராக நடந்து, எத்தனை வகைப் பறவை என்று நோட்டில் எழுதுங்கள். விலங்கியல் மாணவர்களுக்கு ரெக்கார்டு வேலையும் ஆயிற்று. பாகூர்க்காரர்களுக்குச் சொந்த ஏரியே இருக்கிறது. அந்தப் பாகூரில் பல்லவ நிருபதுங்கன் காலத்திலேயே ஒரு வித்யாஸ்தானம், அதாவது கல்லூரி, இருந்தது. அதற்கு மூன்று கிராமங்களை மானியமாக விட்ட செப்பேடு கிடைத்திருக்கிறது. அந்த மாணவர்கள் எல்லாம் ஆத்துக்கும் ஏரிக்கும் நடந்துதானே போயிருப்பார்கள்? மினி பஸ்ஸா வந்தது?

வைகாசியில் வில்லியனூர்த் திருக்காமீஸ்வரர் தேர் வருகிறது. பிரெஞ்சுக்காரர் காலத்தில் கவர்னரே வந்து வடம் பிடித்ததுண்டு. இன்றும் துணைநிலை ஆளுநர் வந்து இழுக்கிறார். நான்கு மாடவீதி வடம் பிடித்துப் பாருங்கள், எந்த ஜிம்மில் அந்த வேலை கிடைக்கும்? வருஷத்துக்கு ஒருநாள்தான் என்பது குறை. மற்ற நாளைக்குக் கபடி, ஸ்கிப்பிங், பாண்டி, நீச்சல் தெரிந்தவர் துணையோடு பம்ப்செட் குளியல். டவுனில் இரும்புக் குண்டு எறிகிற பெத்தாங் விளையாட்டு இருக்கிறது, அதில் எடை குறையாது, பேச்சுத்தான் வளரும். என் ஓட்டு கும்மிக்கு. மாட்டுப் பொங்கலுக்கு அரை மணி கும்மியடித்து வியர்க்காத பெண்ணை எனக்குக் காட்டுங்கள். சென்னையில் மெட்ராஸ் டயாபிடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன்காரர்கள் வளரிளம் பெண்களுக்கென்றே 'தாண்டவ்' என்று ஒரு நடனப் பயிற்சியை வடிவமைத்தார்கள். கொஞ்ச நேரம் வேகம், கொஞ்ச நேரம் நிதானம், மறுபடி வேகம். நம்ம கும்மியில் பாட்டு மெல்ல எடுத்து, வேகம் கூட்டி, மறுபடி இறக்குவோமே, அதேதான். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிஷமாவது உடம்பை அசைக்கச் சொல்கிறது. தினம் அரை மணி, ஐந்து நாள். எது பிடிக்கிறதோ அதைச் செய்யுங்கள். பிடிக்காததை யாரும் ஒரு மாதத்துக்குமேல் செய்ததில்லை, நான் உட்பட.

சாப்பாடு பற்றி நீளமாகப் பேசமாட்டேன், பந்தி நேரம். ஒரு புரோட்டா ஏறத்தாழ 250 கலோரி. இரண்டு புரோட்டா சாப்பிட்டால் ஒரு மணி நேர சைக்கிளுக்கு மேல் கடன். கேன்டீன் டீயில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை, நாளைக்கு ஐந்து டீ என்றால் சர்க்கரை மட்டும் 200 கலோரி. காலையில் கேவுரு கூழோ இட்லியோ கட்டாயம் சாப்பிடுங்கள். நாலு மணிக்குப் போண்டாவுக்குப் பதில் சுண்டல், ஒரு கைப்பிடி அவித்த மல்லாட்டை. கீரையும் முருங்கையும் ரத்தத்துக்கு. அவ்வளவுதான்.

கடைசியாக ஒன்று, இது தங்கைகளுக்கு அல்ல, முதல்வர் அவர்களுக்கும் பேராசிரியர்களுக்கும். நான் இப்போது அரசுப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. மைதானத்தில் மாணவிகள் ஓரமாக நிற்பதைத் தினம் பார்க்கிறேன். அவர்களுக்குச் சோம்பேறித்தனம் இல்லை. குண்டான பெண் ஓடினால் நாலு பையன்கள் சிரிப்பார்கள், அவ்வளவுதான் காரணம். நானும் அப்படித்தான் மூன்று வருஷம் நம்ம மைதானத்தில் கால் வைக்கவில்லை. பாதி ஊர்களுக்கு நாலரை மணி பஸ்ஸை விட்டால் ஆறு மணிக்குத்தான் அடுத்த பஸ். அந்த ஒன்றரை மணி நேரம் அவர்கள் மரத்தடியில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். தினம் நாலே முக்காலிலிருந்து ஐந்தே முக்கால் வரை மைதானத்தை மாணவிகளுக்கு மட்டும் என்று ஒதுக்கித் தரவேண்டும் என்பது எங்கள் விண்ணப்பம். 96-ம் வருஷத்துக்காரர்கள் இருபது ஸ்கிப்பிங் கயிறும், இரண்டு கைப்பந்தும், ஒரு வலையும் வாங்கித் தருகிறோம். எனக்குப் பட்டப்பெயர் வைத்தவர்தான் வலைக்குப் பணம் கொடுத்திருக்கிறார். கொடுக்கும்போது ஒன்றும் பேசவில்லை, நானும் ஒன்றும் கேட்கவில்லை.

பந்தியில் வடை உண்டு என்று செயலாளர் அண்ணன் சைகை காட்டுகிறார். ஒன்று நானும் சாப்பிடுவேன்.