இசைத்தட்டும் பாடபேதமும்



பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் கவிதையைப் பற்றிப் பேச வேண்டிய நேரத்தில் பழைய இசைத்தட்டுகளைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் பாட்டின் சொல் எங்கே தங்கியிருக்கிறது, எந்த வடிவில் தங்கியிருக்கிறது, யார் பெயரில் தங்கியிருக்கிறது என்னும் கேள்விகள் கவிஞர்களுக்கு அயலானவை அல்ல.

வட்டத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர். அஞ்சலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வார். ஆகையால் பெயர் வேண்டாம். 1960களிலும் 70களிலும் ஊதியம் வாங்கிய கையோடு இசைத்தட்டுக் கடைக்குப் போகும் பழக்கம் அவருக்கு இருந்தது. ஏழு அங்குல அகலமும் நிமிடத்துக்கு 45 சுற்று வேகமும் கொண்ட சிறு தட்டுகள். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு பாட்டோ இரண்டு பாட்டோ இருக்கும். ஒலிநாடா வந்த பிறகு, 1980களின் நடுவில், எல்லாம் மூன்று தகரப் பெட்டிகளில் அடங்கிப் பரணுக்கு ஏறின. சென்ற ஆண்டு வீட்டை இடித்துக் கட்டுவதற்காகப் பரணை ஒழித்தபோதுதான் அவை மீண்டும் கீழே இறங்கின. எண்ணிப் பார்த்ததில் முந்நூற்றுச் சொச்சம்.

பழம்பொருள் வாங்குபவர் ஒருவரை மகன் அழைத்து வந்தார். வந்தவர் உறைகளைத்தான் பார்த்தார். படம் மங்காத உறை உள்ளவற்றை ஒருபுறம் ஒதுக்கி ஒரு விலை சொன்னார். உறை கிழிந்தவை, உறையே இல்லாதவை, நடுத்தாளில் பேனாவால் எண் எழுதியவை ஆகியன வேண்டாம் என்றார். “அப்பா, மிச்சத்தை எடைக்குப் போட்டுவிடலாம்” என்றார் மகன். பெரியவர் ஒரு மாதம் தவணை கேட்டார். ஒரு முறையாவது எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தருகிறேன் என்பது அவருடைய வாதம்.

கேட்பது அவ்வளவு எளிதாக இல்லை. பழைய கருவியின் உள்ளே தட்டைச் சுழற்றும் ரப்பர் சக்கரம் இறுகிக் கல்லாகி இருந்தது. வேகம் குறைந்தால் சுருதி இறங்கும், டி.எம். சௌந்தரராஜன் குரல் தடித்து, பி. சுசீலா குரல் ஆண்குரலுக்கு அருகே வந்து நின்றது. சக்கரத்தை மாற்றி, முள்ளை மாற்றி, தட்டுகளின் தூசியைத் துடைத்து ஆயத்தம் செய்யவே இரண்டு வாரம் பிடித்தது. (துடைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. வினைல் தட்டு சாராயக் கலவையைத் தாங்கும். 78 சுற்று வேகத்தில் ஓடும் பழைய அரக்குத் தட்டு தாங்காது, கரைந்துவிடும். வீட்டில் தாத்தா காலத்துத் தட்டு வைத்திருப்போர் கவனிக்க.)

கேட்கத் தொடங்கியபோது அவர் எதிர்பார்த்தது இளமை நினைவுகளை. அவை வரத்தான் செய்தன. ஆனால் மூன்றாம் நாளே வேறொன்று குறுக்கிட்டது. ‘அன்பே வா’ படத்தின் தட்டு ஓடிக்கொண்டிருந்தது. 1966 பொங்கலுக்கு வெளிவந்த படம், பாட்டு வாலி எழுதியது, எம்.ஜி.ஆர். சிம்லாவில் பாடிக்கொண்டு வருவாரே, அந்தப் பாட்டு. உடனிருந்த பேரன் தன் கைப்பேசியில் அதே காட்சியை எடுத்து வைத்துக்கொண்டு, “தாத்தா, உங்க ரெக்கார்டு தப்பு. ஒரு வார்த்தை மாறி வருது” என்றான். மாறியிருந்தது உண்மைதான். சூரியனுக்கு முன்னால் நிற்கும் அடைமொழி இரண்டிலும் வேறு வேறு. கவிஞர் எழுதிய அடைமொழியைச் சூரியனோடு சேர்த்துச் சொன்னால் அது தி.மு.க.வின் தேர்தல் சின்னம். தணிக்கையில் அதற்குத் தடை எழுந்ததால் படத்தில் வேறு சொல் ஏறியது. இசைத்தட்டில் முதலில் எழுதிய சொல்லே நின்றுவிட்டது. பேரன் தப்பு என்று சொன்னது மூலபாடத்தை.

உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க ஏடு ஏடாக ஒப்புநோக்கிய வரலாற்றைத் தமிழ் படித்தவர்கள் அறிவர். ஓர் ஏட்டில் ஒரு சொல், மற்றோர் ஏட்டில் மற்றொரு சொல். எது புலவர் வாக்கு, எது எழுதியவர் கைப்பிழை என்று தேர்ந்து, தேர முடியாத இடத்தில் இரண்டையும் காட்டுவது பதிப்பாசிரியர் கடமை. இருபதாம் நூற்றாண்டின் பாட்டுக்கு அத்தகைய ஏடுகள் மூன்று: திரைப்படம், திரையரங்க வாயிலில் விற்ற பாட்டுப் புத்தகம், இசைத்தட்டு. மூன்றும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. 1930களில் நடிகர்கள் படப்பிடிப்புத் தளத்திலேயே பாடினார்கள். தட்டுக்காகத் தனியே மீண்டும் பாடினார்கள். அரக்குத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடம்தான் கொள்ளும். முள் நிமிடத்துக்கு 78 சுற்று வீதம் இருநூற்று முப்பத்து நான்கு முறை சுற்றி நடுவே வந்து சேர்ந்தால் பக்கம் முடிந்தது. அதற்குள் அடங்காத பாட்டு இரண்டு பாகமாகி, தட்டைத் திருப்பிப் போட்டுக் கேட்க வேண்டியதாயிற்று. அல்லது ஒரு சரணத்தை இழந்தது. பல்லவியும் இரண்டு மூன்று சரணங்களுமாகத் திரைப்பாட்டு இறுகியதில் இந்தச் சுற்றுக் கணக்குக்கும் பங்குண்டு. அளவடி, சிந்தடி என்று அடியை எண்ணிய மரபில் வந்தவர்கள் சுற்றை எண்ணவும் பழகிக்கொண்டார்கள்.

சொல்லைவிடப் பெரிய சிக்கல் பெயர். பெரியவர் நீளவாட்டுக் கணக்கு நோட்டு ஒன்றை எடுத்து, தட்டின் எண், படம், பாடியவர், இசை, இயற்றியவர் எனக் கட்டம் கட்டிக்கொண்டார். முதல் நான்கு கட்டங்களும் மளமளவென்று நிறைந்தன. ஐந்தாவது நிறையவில்லை.

இந்தியாவில் இசைத்தட்டுப் பதிவு தொடங்கிய 1902இல் கல்கத்தாவில் பாடிய கௌஹர் ஜான், பாட்டு முடிந்ததும் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வார். மூலத் தகடு கடல் கடந்து ஜெர்மனி போய்த்தான் தட்டாகும். அங்கே உள்ளவர்களுக்கு யார் பாடியது என்று தெரிய வேண்டுமே! 1908இல் கல்கத்தாவின் சியால்டாவிலேயே தட்டு வார்க்கும் ஆலை வந்த பின்னர் அந்தத் தேவை குறைந்தது. பாடியவர் தம் பெயரைத் தாமே சொல்லிப் பதித்துக்கொள்ள முடிந்தது. இயற்றியவர்தான் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒலிவாங்கியின் முன் நிற்பதே இல்லையே.

பாரதியார் நிலை வேறு விதம். அவர் 1921இல் மறைந்தார். அவர் பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமை விலைக்குக் கைமாறி ஏவி. மெய்யப்பனிடம் வந்தது. சென்னையில் ஓடியன் தட்டுகளை விற்ற சரஸ்வதி ஸ்டோர்ஸ் வழியே இசைத்தட்டு வணிகத்தில் ஊன்றியவர் அவர். ‘நாம் இருவர்’ (1947) படத்தில் டி.கே. பட்டம்மாள் குரலில் பாரதி பாட்டு ஊரெங்கும் ஒலித்தது. டி.கே.எஸ். சகோதரர்களின் ‘பில்ஹணன்’ (1948) படத்தில் ஒரு பாரதி பாட்டு இடம்பெற்றபோது உரிமைப் பூசல் எழுந்தது. 1949இல் சென்னை மாகாண அரசு உரிமையைத் தன்வசம் எடுத்துக்கொண்டது. மெய்யப்பன் தம்மிடம் இருந்ததைப் பொருள் பெறாமல் கொடுத்தார். பாரதியாருக்குப் பெயர் சிக்கல் இல்லை, உரிமைதான் சிக்கலாயிற்று. பின்னால் வந்த பலருக்கு நிலைமை தலைகீழ்.

1950களின் படங்களில் ஒரே படத்துக்கு நான்கு ஐந்து பேர் பாட்டு எழுதுவது வழக்கம். உடுமலை நாராயண கவி, மருதகாசி, கு.மா. பாலசுப்பிரமணியம், தஞ்சை ராமையாதாஸ், பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் ஆகியோரில் சிலர் பெயர் திரையில் ஒன்றாக வந்து ஒன்றாக மறையும். எந்தப் பாட்டு யாருடையது என்று அதில் தெரியாது. பாட்டுப் புத்தகத்திலும் முகப்பிலேயே பெயர்களை அடுக்கிவிடுவது உண்டு. தட்டின் நடுத்தாளில் மட்டும், அந்தப் பாட்டுக்கு நேரே, ஒரு பெயர் இருக்கும். இருந்தால்தான். பழைய தட்டுகள் பலவற்றில் அது இல்லை. 1960களின் சிறு தட்டுகளில் உறையிலாவது இருக்கிறது. உறை போனால் பெயரும் போயிற்று.

அந்த வெற்றிடத்தை மக்கள் தம் விருப்பப்படி நிரப்பிக்கொண்டார்கள். கருத்தாழமுள்ள பாட்டு என்றால் கண்ணதாசன். உழைப்பாளியைப் பற்றிய பாட்டு என்றால் பட்டுக்கோட்டை. வாலி எழுதிய சில பாடல்களையே கண்ணதாசன் பாடல்கள் என்று நம்பியவர்கள் உண்டு. வாலியாவது 2013 வரை வாழ்ந்து மறுத்துச் சொல்ல முடிந்தது. பட்டுக்கோட்டையார் 1959 அக்டோபரில், இருபத்தொன்பது வயதில் மறைந்தவர். பெரும் பெயர்கள் இருவருக்கும் இடையில் நசுங்கியவர்கள் எத்தனை பேர்! கம்பதாசன் ஒருவர் போதும் எடுத்துக்காட்டுக்கு.

பழம்பொருள் வணிகர் வேண்டாம் என்று தள்ளிய குவியலில்தான் பெரியவரின் நோட்டுக்கு விடை கிடைத்தது. அவற்றில் பல, மைக் செட் வைத்து வாழ்ந்த ஒருவர் தொழிலை விட்டபோது இவருக்கு மொத்தமாகக் கொடுத்தவை. திருமணம், காதணி, கோயில் கொடை என்று வாடகைக்குப் போய்த் தேய்ந்த தட்டுகள். விடியுமுன் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டில் தொடங்கும் வழக்கத்தால் அந்த ஒரு தட்டு மட்டும் வெளுத்தே போயிருந்தது. கீறல் விழுந்த தட்டு என்று அரசியல்வாதிகளை ஏசுவது எளிது. உண்மையில் கீறல் விழுந்த தட்டு, மக்கள் விரும்பிக் கேட்ட தட்டு. உறை இல்லாத இந்தத் தட்டுகளின் நடுத்தாளில் அந்த மைக் செட்காரர் பேனாவால் எண் போட்டதோடு நிற்காமல், தெரிந்த இடத்தில் பாட்டெழுதியவர் பெயரையும் குறித்து வைத்திருந்தார். எழுத்துப் பிழையோடுதான். யார் கேட்டு எழுதினார், எதைப் பார்த்து எழுதினார் என்பதை அறிய இனி வழியில்லை. அவர் மறைந்து இருபது ஆண்டுகளாகின்றன. சில குறிப்புகளைப் பழைய பாட்டுப் புத்தகங்களோடு ஒத்துப் பார்த்ததில் சரியாக இருந்தன. இரண்டு தவறு.

எனவே அக்குறிப்புகளை அப்படியே உண்மை என்று கொள்வதும் கூடாது, கைக்கிறுக்கல் என்று தள்ளுவதும் கூடாது. ஏட்டின் ஓரத்தில் யாரோ எழுதிய குறிப்பை ஐயரவர்கள் எப்படி நடத்தினாரோ அப்படி நடத்த வேண்டும். பெரியவர் அவற்றைச் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார். நடுத்தாளில் அச்சானவை கறுப்பு மையில்.

விற்பனை நடந்தது. உறை நன்றாயிருந்த நூற்றிருபது தட்டுகள் போயின. அந்தப் பணம் வீட்டுக் கதவு நிலைக்கு ஆயிற்று என்று அவரே சொன்னார். அதில் அவருக்கு வருத்தம் இல்லை. அவற்றின் விவரங்களை முன்னமே நோட்டில் ஏற்றிவிட்டார். மைக் செட்காரரின் தட்டுகளை மட்டும், எடைக்கும் போடாமல், வட்டத்தின் நூலக அலமாரிக்குத் தந்திருக்கிறார். நிமிர்த்தி அடுக்க வேண்டும், ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைத்தால் வளைந்துவிடும் என்று எழுதி ஒட்டியும் வைத்திருக்கிறார்.

நோட்டில் ஐந்தாம் கட்டம் காலியாக உள்ள இடங்கள் இன்னும் நாற்பத்தொன்று. அதன் படிகள் வாயிலில் உள்ள மேசைமேல் இருக்கின்றன. உறுப்பினர் வீடுகளில் பழைய பாட்டுப் புத்தகங்கள் இருக்கக்கூடும், பெரும்பாலும் பாட்டியாரின் பெட்டி அடியில். பெயர் தெரிந்தவர்கள், எதைப் பார்த்துத் தெரிந்தது என்பதையும் சேர்த்து, அடுத்த மாதக் கூட்டத்துக்குள் எழுதித் தரலாம். நினைவிலிருந்து எழுதுவோர் நினைவிலிருந்து என்றே எழுதுக. அவற்றுக்குப் பச்சை மை வைத்திருக்கிறார்.